ஸ்ராண்ட்பை பம்ப் தேவைப்படேக்க ஓடுதில்லையா? உப்புப் படிவை அறிகுறி வச்சுப் பிடிக்கிற வழி

மெயின் பம்ப் நிண்டவுடன மாத்தா வச்சிருக்கிற ஸ்ராண்ட்பை பம்பைப் போட்டா அது அசையாது, இல்லாட்டி ரெண்டு நிமிசம் ஓடிட்டு ட்ரிப் ஆகும், அதாவது பாதுகாப்பு சுவிச் விழுந்து நிண்டிடும். திருகோணமலைப் பக்கம் கடல் தண்ணியோ கிணத்துத் தண்ணியோ பாவிக்கிற பிளாண்டுகளில வேலை செய்யிற ஆக்களுக்கு இந்தத் தலையிடி நல்லாத் தெரியும். கனபேர் உடன மோட்டரில கை வைப்பினம், பிறகு பெயாரிங்கைக் கழட்டுவினம். முதல் கேக்க வேண்டிய கேள்வி வேற: அந்தப் பம்புக்குள்ள என்ன தண்ணி நிண்டது, எவ்வளவு நாள் நிண்டது? ஓடுற மெசினை விட சும்மா நிக்கிற மெசினுக்குள்ளதான் அரிதிற் கரையும் உப்புகளுக்கு நல்ல காலம், தண்ணி அசையாது, கொஞ்சம் கொஞ்சமா வத்தும், சூடாகும், ஆறும், ஆரும் பாக்கவும் மாட்டினம்.

ஏ/எல் கெமிஸ்ட்ரியில கரைதிறன் பெருக்கம் (கரைசலில அயன்கள் எவ்வளவு சேர்ந்தா உப்பு விழத் தொடங்கும் எண்ட எல்லை எண்) எண்டு படிச்சது இங்கதான் வேலைக்கு வருது. கறியுப்பு ஒரு லீற்றர் தண்ணியில 350 கிராமுக்கு மேல கரையும், ஜிப்சம் (கல்சியம் சல்பேற்று) ரெண்டு கிராமுக்குக் கொஞ்சம் மேலதான் கரையும், கல்சியம் காபனேற்று காபனீரொட்சைட்டு இல்லாத தூய தண்ணியில 15 மில்லிகிராம் கூடக் கரையாது. நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் உப்பளம் பாத்தவைக்கு இது சொல்லாமலே விளங்கும். கடல் தண்ணி வத்த வத்த முதல் விழுறது காபனேற்று, பிறகு தண்ணி மூண்டு நாலு மடங்கு செறிவானவுடன ஜிப்சம், கறியுப்பு வாறது பத்து மடங்கு தாண்டின பிறகுதான், உப்புத் தண்ணியின்ர அடர்த்தி அளக்கிற பொமே மீற்றர் 25 காட்டுற நேரம். உங்கட பம்புக்குள்ளயும் கூலிங் டவருக்குள்ளயும் விழுற ஒழுங்கு இதேதான், உப்பளத்தில வேணுமெண்டு செய்யிறதை நாங்கள் இங்க வராமப் பாக்கிறம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொண்டு, இந்த உப்புகளில கனக்க சூடு கூடினாக் குறைவாத்தான் கரையும். சீனி மாதிரி நினைச்சு "சுடுதண்ணி விட்டாக் கரைஞ்சு போகும்" எண்டு செய்யிறவை படிவை இன்னும் கூட்டிவிடுவினம். சுண்ணாம்பு 20 பாகை செல்சியசில லீற்றருக்கு 1.7 கிராம் கரையும், 100 பாகையில அதில பாதி கூட இல்லை. ஜிப்சம் 40 பாகை அளவில ஆகக் கூடக் கரையும், அதுக்கு மேல திரும்ப இறங்கும். காபனேற்று சூடேற ஏற இறங்கிக்கொண்டே போகும்.

எதையும் கழுவ முதல் படிவு என்னெண்டு பாருங்கோ

இதை விட்டுட்டு அமிலம் வாங்க ஓடுறதிலதான் காசும் நேரமும் போகுது. விரல் நகம் அளவு துண்டு ஒண்டை உடைச்சு எடுங்கோ, உடைஞ்ச முகத்தை வெளிச்சத்தில பிடிச்சுப் பாருங்கோ. வெள்ளைப் படை, நடுவில மெல்லிய மண்ணிறக் கோடு, திரும்ப வெள்ளை எண்டு அடுக்கா இருந்தா அந்த மண்ணிறக் கோடு பெரும்பாலும் பிளாண்ட் நிண்ட காலத்துத் துரு, ஓட்டப் புத்தகத்தோட வச்சுப் பாத்தா எப்ப நிப்பாட்டினது எண்டது கூடப் பொருந்தும். ஊசி ஊசியா மினுங்குதா, நகத்தால கீறினாக் கோடு விழுதா, அப்ப ஜிப்சமா இருக்க இடமுண்டு. நகம் ஏறாட்டி காபனேற்று பக்கம் யோசியுங்கோ.

பிறகு துண்டை வெள்ளைச் சோசரில வச்சு நூற்றுக்குப் பத்து ஐதரோகுளோரிக் அமிலம் ஒண்டு ரெண்டு சொட்டு விடுங்கோ, வெளியில காத்தோட்டமான இடத்தில, கண்ணாடியும் கிளவ்சும் போட்டுக்கொண்டு. நுரைச்சுப் பொங்கி முழுக்கக் கரைஞ்சா காபனேற்று. நுரையில்லாமக் கரைஞ்சா மகனீசியம் ஐதரொக்சைட்டு. கரைசல் மஞ்சளா மாறினா இரும்புத் துருவும் சேர்ந்திருக்கு. அழுகின முட்டை மணம் வந்தா சல்பைட்டு, உடன விலகுங்கோ, அந்த வாயு ஆளைக் கொல்லும். ஒண்டுமே நடக்காம அப்பிடியே கிடந்தா ஜிப்சம், பேரியம் சல்பேற்று, சிலிக்கா மூண்டில ஒண்டு. துண்டை அமிலத்தில சூடாக்கி வடிச்ச கரைசலில பேரியம் குளோரைட்டு கொஞ்சம் விட்டு வெள்ளையா வீழ்படிவு வந்தா அது சல்பேற்று, ஜிப்சம் எண்டு எடுக்கலாம். பேரியம் குளோரைட்டு நஞ்சு, லாப் ஆக்களைக் கொண்டு செய்விக்கிறது நல்லம்.

கடல் தண்ணி லைனில ஒரு பொறி இருக்கு. சிப்பி, மட்டி ஓடும் கல்சியம் காபனேற்றுதான், அதுவும் நுரைக்கும். நுரைச்சதைக் கண்டு "ஸ்கேல்" (உப்புப் படிவு) எண்டு முடிவெடுக்க முதல் துண்டில வளைவும் வரியும் இருக்கா எண்டு பாருங்கோ, ஓடெண்டா அமிலம் தேவையில்லை, திறந்து சுரண்டி எடுத்துப்போட்டு இன்ரேக் வலையைத்தான் திருத்த வேணும்.

பம்ப் கையால சுத்தேலாமக் கிடக்கு

பவரை வெட்டி லொக் போட்ட பிறகு மோட்டரையும் பம்பையும் பொருத்துற கப்ளிங்கைப் பிடிச்சுச் சுத்திப் பாருங்கோ. ஒரேயடியா இறுகியிருக்கா, கொஞ்சம் போய் நிக்குதா? ரெண்டும் வேற வேற. அசைவே இல்லையெண்டா கிளாண்டிலயோ (ஷாவ்ற் எண்ட தண்டு வெளிய வாற இடத்து அடைப்பு) வெயார் றிங்கிலயோ (உள்ள சுத்துற சக்கரத்தைச் சுத்தியிருக்கிற வளையம்) படிவு பிடிச்சிருக்கும், அந்த இடைவெளி மில்லிமீற்றரில ஒரு பங்குதான், அதை அடைக்க எவ்வளவு உப்பு வேணும் சொல்லுங்கோ. கிளாண்டுக்கு வெளியில வெள்ளையாத் தாடி மாதிரி வளர்ந்திருந்தா உள்ளயும் அதுதான். கொஞ்சம் போய் ஒரு இடத்தில தட்டினா கேசிங்குக்குள்ள (பம்பின்ர வெளிக்கூட்டுக்குள்ள) கட்டியா ஏதோ கிடக்கு.

தயவுசெய்து "ஒருக்கா ஸ்ரார்ட் குடுத்துப் பாப்பம், அதிர்ச்சியில விடும்" எண்டு செய்யாதேங்கோ. பூட்டுப்பட்ட மோட்டர் சாதாரண கறண்டைப் போல ஆறேழு மடங்கு இழுக்கும், வைண்டிங் போகும், இல்லாட்டி ஷாவ்ற்றையும் கப்ளிங்கையும் பூட்டுற கீ வெட்டுப்படும். நீளப் பைப்பைப் போட்டு ஷாவ்ற்றை நெம்புறதும் அப்பிடித்தான், ஷாவ்ற் வளைஞ்சா பிறகு மெக்கானிக்கல் சீல் (ஷாவ்ற்றோரம் தண்ணி ஒழுகாமத் தடுக்கிற பாகம்) ஒரு நாளும் நிக்காது.

காபனேற்று எண்டா நூற்றுக்கு ஐஞ்சு அளவு சித்திரிக் அமிலமோ சல்பாமிக் அமிலமோ கேசிங்கில நிரப்பி ஊற விடுங்கோ, மேல் வென்ற் (காத்துத் துவாரம்) திறந்தே இருக்க வேணும், காபனீரொட்சைட்டு வெளிய போக வழியில்லாட்டி பிரஷர் ஏறும். நுரை நிக்க அமிலம் முடிஞ்சுதா படிவு முடிஞ்சுதா எண்டு பீஎச் தாளால பாருங்கோ: பீஎச் ஏறியிருந்தா அமிலம்தான் முடிஞ்சது, புதுசா விட வேணும். வார்ப்பிரும்புக் கேசிங்குக்கு இன்ஹிபிற்றர் சேர்க்காம விட்டா உலோகமும் சேர்ந்து கரையும். ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் எண்டா ஐதரோகுளோரிக் அமிலம் கிட்டவும் கொண்டு போகாதேங்கோ, குளோரைட்டு அதைக் குழி குழியா அரிக்கும். நாகம் (சிங்க்) பூசின பாகம், அலுமினியம் இருந்தா கழட்டி வெளியில எடுங்கோ. சல்பூரிக் அமிலம் மலிவெண்டு சிலர் விடுவினம், அது காபனேற்றைக் கரைச்ச கையோட ஜிப்சமா மாத்தி அதே இடத்தில இறக்கும், முந்தி இருந்த படிவு பரவாயில்லை எண்டு போகும். அமிலத்தையும் பிளீச்சையும் ஒரே வாளியில பாவிக்கக் கூடாது, குளோரின் வரும்.

ஜிப்சம் எண்டா அமிலம் லேசில அசைக்காது. இதுக்கு ஒரு நல்ல வழி இருக்கு, கெமிஸ்ட்ரி தெரிஞ்சா ரசிச்சுச் செய்யலாம். ஜிப்சத்தின்ர கரைதிறன் பெருக்கம் பத்தின் மறை ஐந்தாம் அடுக்கு அளவு, கல்சியம் காபனேற்றின்ர மறை ஒன்பதாம் அடுக்கு அளவு, அதாவது பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். அதனால சூடான சோடியம் காபனேற்றுக் கரைசலில, சலவைச் சோடாதான், நூற்றுக்குப் பத்து அளவில ஊற விட்டா கல்சியம் தானாச் சல்பேற்றை விட்டுட்டுக் காபனேற்றோட சேரும், சல்பேற்று தண்ணியோட போகும். பிறகு கரைசலை வடிச்சு, தண்ணியால அலசி, அமிலம் விட்டா நுரைச்சுக் கரையும். படிவு தடிப்பா இருந்தா மேல்படை மட்டும்தான் மாறும், சோடா, அலசல், அமிலம், அலசல் எண்டு திரும்பத் திரும்பச் செய்ய வேண்டி வரும், பொறுமை வேணும். காசிருந்தா கல்சியத்தைப் பிடிச்சு இழுக்கிற ஈடிடிஏ கரைசல் ஒரே முறையில செய்யும், அதை பீஎச் உயர்வா வச்சுப் பாவிக்க வேணும்.

பேரியம் சல்பேற்று, சிலிக்கா எண்டா நீங்களாச் செய்யப் போகாதேங்கோ. சிலிக்காவைக் கரைக்கிற புளோரைட்டு அமிலங்கள் தோலுக்கால போய் எலும்பு வரைக்கும் தாக்கும். கழட்டி உளியாலயோ ஹை பிரஷர் ஜெற்றாலயோ எடுக்கிறதுதான் எங்கட ஆக்களுக்குப் பொருத்தம்.

ஓடுது, ஆனா பிரஷர் இல்லை

முதல்ல கேஜை நம்பாதேங்கோ. கேஜுக்குப் போற சின்ன இம்பல்ஸ் லைன்தான் எல்லாத்துக்கும் முன்னம் அடைபடுறது, அதுக்குள்ள தண்ணி ஓடுறதே இல்லை. கேஜைக் கழட்டி வால்வைத் திறந்தாத் தண்ணி பாயுதா, சொட்டுதா எண்டு பாத்தாக் காணும். பாயுதெண்டா சக்சன் ஸ்ரெயினரை (தண்ணி உறிஞ்சுற பக்கத்து வலையை) திறவுங்கோ. அதுவும் சுத்தமெண்டா சக்சன் வால்வு உண்மையில திறபடுதா? கேற் வால்வில படிவு பிடிச்சு ஸ்பிண்டில் மட்டும் மேல வரும், கேற் கீழயே இருக்கும், ஆள் கைபிடியைச் சுத்திட்டு "திறந்திட்டன்" எண்டு எழுதிட்டுப் போவார், அவரிலயும் பிழையில்லை.

இதோட சேர்த்து டிஸ்சார்ஜ் (தண்ணி வெளிய போற) பக்கத்து செக் வால்வையும், தண்ணியைத் திரும்ப விடாத வால்வு அது, பாருங்கோ, இது ஆபத்தானது. படிவால செக் வால்வு முழுக்க மூடாம நிண்டா மெயின் பம்ப் ஓடேக்க தண்ணி ஸ்ராண்ட்பைக்கால திரும்பி வந்து அதைப் பின்பக்கமாச் சுத்தும். அந்த நேரம் ஓட்டோ ஸ்ரார்ட் குடுத்தா ஷாவ்ற் முறியலாம். மெயின் ஓடிக்கொண்டிருக்கேக்க ஸ்ராண்ட்பையின்ர கப்ளிங் கார்டுக்குள்ளால டோர்ச் அடிச்சுப் பாருங்கோ, மெதுவா அசையுதெண்டா டிஸ்சார்ஜ் வால்வை மூடிப்போட்டுத்தான் மற்றக் கதை.

போட்டவுடன சீல் ஒழுகுது

மெக்கானிக்கல் சீலின்ர ரெண்டு முகத்துக்கும் நடுவில எப்பவும் மெல்லிய தண்ணிப் படலம் ஒண்டு இருக்கும், பம்ப் நிண்டா அது காத்துப் பக்கம் வத்தி உப்புப் பளிங்கு விடும். அடுத்த ஸ்ரார்ட்டில முகம் ஒட்டிப் பிய்யும், இல்லாட்டிப் பளிங்கு மணல் மாதிரி அரைக்கும். சில நேரம் முகம் நல்லா இருக்கும், ஓ றிங்குக்குக் கீழ உப்பு பிடிச்சு ஸ்பிறிங் தள்ளினாலும் முன்னுக்கு வராது. புதுச் சீல் பூட்ட முதல் சீலின்ர வெளிப்பக்கத்தைக் கழுவுற குவென்ச் தண்ணி வருதா எண்டு பாருங்கோ, வராட்டிப் புதுசுக்கும் இதே கதைதான்.

சுண்ணாம்புப் பால் லைன் கழுவக் கழுவ அடைபடுது

இதில கொஞ்சம் நிண்டு யோசிக்க வேணும், ஏனெண்டா நல்லது செய்யிறமெண்டு நினைச்சுத்தான் இதைக் கெடுக்கிறது. தண்ணி சுத்திகரிக்கிற இடத்திலயோ கழிவு நீர் பிளாண்டிலயோ சுண்ணாம்புப் பால் பம்ப் ரெண்டு இருக்கும், ஒண்டை நிப்பாட்டினவுடன ஒப்பரேற்றர் கடமையா லைனைக் கழுவுவார், கிட்ட இருக்கிற கிணத்துத் தண்ணியால. எங்கட பக்கம் கிணத்துத் தண்ணி வன்தண்ணி, அதுக்குள்ள கல்சியம் இருகாபனேற்று கரைஞ்சு கிடக்கு. சுண்ணாம்பு அதைச் சந்திச்ச உடன ரெண்டு பேரின்ர கல்சியமும் சேர்ந்து காபனேற்றா விழும், அதுவும் சந்திக்கிற அந்த வளைவிலயே. கழுவின தண்ணிதான் கல்லைக் கட்டுது.

குறி என்னெண்டா அடைப்பு எப்பவும் கழுவுற தண்ணி வந்து சேர்ற ரீ மூட்டுக்குப் பிறகு முதல் அடிக்குள்ள இருக்கும், வெட்டிப் பாத்தா ஓட்டை விரல் போகாத அளவுக்கு வட்டமாச் சுருங்கி இருக்கும். வழி: கழுவுறதுக்கு மென்தண்ணி குடுங்கோ, சொவ்ற்றனர் தண்ணியோ ஆர்ஓ (மெம்பிறேனால வடிச்ச) தண்ணியோ. இரும்புப் பைப்புக்குப் பதிலா வளையிற றபர் ஹோஸ் போட்டா வெளியில தட்டி உடைச்சு விடலாம். கச்சான் காத்துக் காலத்தில கிணறு இறங்கித் தண்ணி இன்னும் கடுமையாகும், மாரியில சரியா இருந்த லைன் ஆடி ஆவணியில அடைபட்டா பம்பைக் குறை சொல்ல முதல் தண்ணியின்ர வன்மையை அளவுங்கோ.

ஜிப்சம் நிரம்பின கரைசல் ஓடுற லைனைக் கடல் தண்ணியால கழுவுறதும் நல்ல வழியில்லை. கடல் தண்ணியில லீற்றருக்கு 2.7 கிராம் அளவு சல்பேற்று ஏற்கனவே இருக்கு, ஒரே அயன் முதலே இருக்கிற தண்ணியில அந்த உப்பு கரையிறதுக்கு இடம் குறையும். பொது அயன் விளைவு எண்டு படிச்சது இதைத்தான்.

ஸ்பெயார் ஹீற் எக்ஸ்சேஞ்சருக்கு மாத்தினம், சூடு இறங்குதில்லை

ஹீற் எக்ஸ்சேஞ்சர் எண்டது குளிர் தண்ணியால சூட்டை எடுக்கிற கருவி. அதில டிபி (உள்ள போற பக்கத்துக்கும் வெளிய வாற பக்கத்துக்கும் இடையில பிரஷர் வித்தியாசம்) ஏறியிருக்கா? ஏறியிருந்தா ரியூப் அடைபட்டிருக்கு, சிப்பி, குப்பை, கட்டி. டிபி அப்பிடியே இருக்க சூடு மட்டும் மாறுதில்லையெண்டா மெல்லிய படிவு. காபனேற்றுக்கால சூடு போறது காபன் ஸ்ரீலை விட 20 மடங்குக்கு மேல மெதுவு, ஒரு மில்லிமீற்றர் இருந்தாலே தெரியும்.

பாவிக்காம இருந்த எக்ஸ்சேஞ்சருக்கு எப்பிடிப் படிவு வந்தது? நிப்பாட்டின ஒழுங்கில பிழை. குளிர் தண்ணியை முதல் மூடிட்டுச் சூட்டுப் பக்கத்தை ஆறுதலா மூடினா, இல்லாட்டி சூட்டு வால்வு முழுக்க மூடாமக் கொஞ்சம் கசிஞ்சா, ரியூபுக்குள்ள நிண்ட தண்ணி கேத்தில் மாதிரி அவியும். கடல் தண்ணி எண்டா 80 பாகை வரைக்கும் கூட வாறது காபனேற்று, அதுக்கு மேல மகனீசியம் ஐதரொக்சைட்டு. முதல் சூட்டை நிப்பாட்டுங்கோ, ஆறின பிறகு குளிர்ப் பக்கம், பிறகு வடிச்சு நல்ல தண்ணியால அலசிக் காய விடுங்கோ. பாதி தண்ணியோட விட்டிட்டுப் போறதுதான் எல்லாத்திலயும் கூடாத நிலை, தண்ணி மட்டம் நிக்கிற கோட்டில படிவும் வரும், அரிப்பும் வரும்.

ஆர்ஓ யூனிற்றில பிரஷர் ஏறுது

முன் வெசலில (மெம்பிறேன் இருக்கிற குழாயில) டிபி ஏறினா சேறு, பாசி. கடைசி வெசலில ஏறினா உப்பு, ஏனெண்டா அங்கதான் செறிவு கூட. நூற்றுக்கு 75 றிக்கவரியில, அதாவது வாற தண்ணியில நூற்றுக்கு 75ஐ நல்ல தண்ணியா எடுத்து, ஓட்டினாக் கழிவுத் தண்ணி நாலு மடங்கு செறிவாகும், கோடையில அதைக் குறைச்சு ஓட்டுங்கோ. நிப்பாட்டினவுடன சுத்தத் தண்ணியால பிளஷ் பண்ணாமப் போனா அந்த நாலு மடங்கு தண்ணி மெம்பிறேனிலயே நிக்கும். அன்ரி ஸ்கேலன்ற் உப்பு விழுறதைப் பிந்த வைக்கும், ஒரேயடியா நிப்பாட்டாது, நிண்ட தண்ணியில அந்த நேரமும் முடிஞ்சுபோகும்.

பம்புக்குள்ள படிவு இல்லை, ஆனா ஸ்பெயார் மோட்டர் ட்ரிப் ஆகுது

மாரியில இது கூட. துறைமுகக் காத்தில வாற கறியுப்பு வைண்டிங்கில படியும், ஈரப்பதன் நூற்றுக்கு 75 தாண்டினா அந்த உப்பு தானாத் தண்ணியை இழுத்து நனையும். மெகர் (வைண்டிங்கின்ர மின்காப்பு அளக்கிற மீற்றர்) போட்டு ஒரு மெகாஓமுக்குக் கீழ எண்டா ஓட்டாதேங்கோ, உலர்த்துங்கோ. ஸ்பேஸ் ஹீற்றர் இருந்தும் அதின்ர பிரேக்கர் ஓவ்வில கிடக்கிறதை நான் எத்தனையோ இடத்தில கண்டிருக்கிறன். பெயாரிங் உறுமினாக் கழட்டிப் பாருங்கோ, ஒரே இடைவெளியில சின்னச் சின்னக் குழி எண்டா பக்கத்துப் பம்பின்ர அதிர்வு நிண்ட பெயாரிங்கில அடிச்சது. கிழமைக்கு ஒருக்கா ஒரு சுத்தும் கால் சுத்தும் திருப்பி விடுங்கோ, கப்ளிங்கில பெயின்றால கோடு போட்டா ஷிப்ற்றுக்கு வாற எவருக்கும் திருப்பினதா இல்லையா எண்டு தெரியும். அதை விட நல்லது ரெண்டு பம்பையும் மாறி மாறி ஓட்டுறது.

அமிலம் விட்ட பிறகு ஒழுகத் தொடங்கினா

அமிலம் ஓட்டை போட்டிட்டுது எண்டு உடன சண்டை பிடிக்காதேங்கோ. கனக்க நேரம் படிவுக்குக் கீழ உலோகம் முதலே அரிச்சுப் போயிருக்கும், அந்தப் படிவுதான் ஓட்டையை அடைச்சுக்கொண்டு இருந்தது. அதனால கழுவ முதலே, கழுவின பிறகும், ரெண்டு தரம் பிரஷர் ரெஸ்ற் எடுத்து எழுதி வையுங்கோ. கழுவின பிறகு நூற்றுக்கு ஒண்டு சலவைச் சோடாத் தண்ணியால நடுநிலையாக்கி, மென்தண்ணியால அலசி, அண்டைக்கே பாவிக்கிறதெண்டா பாவியுங்கோ, இல்லாட்டிக் காய விடுங்கோ, சுத்தமான ஈர இரும்பு ஒரு இரவிலயே துருப்பிடிக்கும். ஒழுகிற ரியூபை ரெண்டு பக்கமும் பிளக் அடிச்சு, எந்த வரிசையில எத்தினையாவது எண்டு படத்தில குறியுங்கோ. பத்தில ஒண்டு பிளக் ஆகிற கட்டத்துக்கு வந்தா அந்த எக்ஸ்சேஞ்சரை ஸ்பெயார் எண்டு கணக்கில வச்சிருக்கேலாது, புது ரியூப் பண்டிலுக்கு (ரியூப் கட்டுக்கு) விலை கேக்கத் தொடங்குங்கோ.